அம்பத்தூருக்கு வந்த கடல்

கடலைப் பார்ப்பதென்றால் எங்களுக்கு அது ஒரு நாள் வேலை. அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் பஸ் ஏறி, இறங்கி, இன்னொன்று மாறி, மெரினாவில் போய் நிற்பதற்குள் பாதி ஆசை வடிந்துவிடும். காலை நனைத்து, சுண்டல் தின்று, மணலைத் தட்டிக்கொண்டு வீடு திரும்பினால் ராத்திரிச் சமையல் முறைத்துக்கொண்டு நிற்கும். அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை, ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் இரண்டு தடவை. அவ்வளவுதான் எனக்கும் கடலுக்கும் உள்ள பழக்கம். "உங்களுக்கென்ன, மெட்ராஸ், சாயங்காலமானா பீச்சு" என்று சேலத்துச் சொந்தக்காரர்கள் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தக் கடல் ஒரு நாள் கிளம்பி எங்கள் அம்பத்தூருக்கே வந்தது. இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. வந்ததை யாரும் பார்க்கவில்லை. டி.வி.யில் சொல்லவில்லை. நானும் சில நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன், அதுவும் ஒரு நல்ல மனிதரின் வயிற்றில் அடித்த பிறகு.

என் வேலையைச் சொன்னால்தான் இது புரியும். எஸ்டேட் என்று நாங்கள் சொல்லும் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் இருபது வருஷமாகக் குவாலிட்டி பார்க்கிறேன். விரல் நீளத்துக்கு எஃகுப் பின்கள் செய்கிறோம். கடைந்து, சூடாக்கிக் கடினப்படுத்தி, கடைசியில் சாணை பிடித்து, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளவென்று எடுப்போம். கழுவித் துடைத்த பின்கள் தட்டுத் தட்டாக என் மேஜைக்கு வரும். ஒவ்வொரு தட்டிலும் இரண்டை எடுத்து அளந்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, சரி என்றால் எண்ணெயில் முக்கி, துருவைத் தடுக்கிற துருக் காகிதம் சுற்ற அனுப்புவேன். சரியில்லை என்றால் அந்தத் தட்டுகள் சேர்ந்த லாட் மொத்தமும் தரையில் சிவப்புப் பெயிண்ட் அடித்த கட்டத்துக்குள் போய்விடும். அந்தக் கட்டத்துக்குள் போனதை முதலாளியே வந்தாலும் தொடக் கூடாது. முதலாளி ஒரு தடவை தொட்டார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கம்பெனி வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். என் வாய் அப்படி. அதற்காகத்தான் சம்பளம் தருகிறார்கள் என்று நானே சொல்லிக்கொள்வேன்.

சாணை பிடித்த எஃகு பச்சைப் பிள்ளை மாதிரி. எண்ணெய் படும்வரை வெறும் கையால் தொடக் கூடாது. எல்லோருக்கும் கையுறை உண்டு. ஆனால் சிலருடைய கை மட்டும் இன்னும் மோசம். அவர்களுடைய வியர்வையில் அப்படி என்ன உப்போ, தொட்ட இடம் மறுநாள் பழுப்பாகிவிடும். எங்கள் எஸ்டேட்டில் இதற்கு "துருக்கை" என்று பெயர். சாணைப் பிரிவில் ஒருவரைச் சேர்க்கும் முன் ஒரு பின்னைக் கையில் கொடுத்து ஒரு நிமிஷம் பிடிக்கச் சொல்வோம். அதை மேஜை டிராயரில் வைத்துவிட்டு மறுநாள் எடுத்துப் பார்ப்போம். சுத்தமாக இருந்தால் அந்த ஆளுக்கு மெஷின். துரு இருந்தால் வேறு வேலை.

எங்களிடம் பதினாறு வருஷமாக வேலை பார்க்கும் ஒருவர் இதில் மாட்டினார். மண்ணூர்பேட்டைக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், நான் அண்ணே என்று கூப்பிடுவேன். நாங்கள் முரட்டு வேலை செய்துகொண்டிருந்த காலத்தில் அவர்தான் எங்களுடைய முதல் சாணைக்காரர். மெஷின் சத்தத்தைக் கேட்டே சாணைக்கல் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். பிறகு நுணுக்க வேலை வந்தது, இந்தப் பரீட்சையும் வந்தது. அவர் பிடித்த பின்னில் மறுநாள் கட்டைவிரல் ரேகை அப்படியே துருவில் எழுந்து நின்றது. ரிஜிஸ்தர் ஆபீசில் உருட்டி எடுத்த மாதிரி அவ்வளவு துல்லியம். அன்றிலிருந்து அவருக்கு மெஷின் இல்லை. பெட்டி அடுக்குவது, லோடு ஏற்றுவது, இரும்புத் தூள் அள்ளுவது. வேறு எந்தக் கம்பெனியும் அந்தக் கையோடு அவரை எடுக்காது. பொருள் வாங்கும் கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்தபோது, "இப்படிப்பட்ட ஆளை எதுக்கு உள்ள வச்சிருக்கீங்க?" என்றே கேட்டார்கள். எங்கள் முதலாளி ஏதோ சொல்லிச் சமாளித்தார். இன்னொரு தடவை சமாளிக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும்.

நாங்கள் கேலி பேசாமலும் இல்லை. அவர் தோளைத் தொட்டால் "ஐயோ, துருப்பிடிச்சிரும்" என்று ஒதுங்குவோம். அவரும் சேர்ந்து சிரிப்பார். நானும் அந்தக் கேலியைச் செய்திருக்கிறேன்.

புயல் வருகிறது என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கடற்கரைக்காரர்கள் இல்லையே என்று ஒரு மிதப்பு. எண்ணூர், காசிமேடு பக்கம் பாவம் என்று உச்சுக் கொட்டினோம். முந்தின நாள் சாயங்காலம் நாலு மணிக்கே கரண்ட் போய்விட்டது. என் மேஜையில் ஒரு லாட், ஒன்பது தட்டு, கழுவித் துடைத்து எண்ணெய் படாமல் கிடந்தது. அந்த லாட் அந்த வாரமே போயாக வேண்டியது. அளக்காமல் எண்ணெயில் முக்கினால் மறுபடி கழுவ வேண்டும். காலையில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு துணியைப் போர்த்திவிட்டுக் கிளம்பினேன். அந்தத் துணிக்கு நான் கொடுத்த நம்பிக்கையை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

காலை எட்டு மணிக்குக் காற்று ஆரம்பித்தது. எங்களுக்குத் தெற்கே எங்கோ கரையேறப்போகிறது என்றார்கள். அதனால் எங்களுக்கு வந்ததெல்லாம் கிழக்குக் காற்று. முதலில் எல்லா வருஷமும் அடிக்கிற காற்றுதான். பத்து மணிக்கு மேல் அது வேறு ஒன்றாக மாறியது. அதற்கு என்னிடம் வார்த்தை இல்லை. காற்று என்பது விட்டு விட்டு வீசுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இது விடவே இல்லை. ஒரே மூச்சு. இவ்வளவையும் மூச்சு விடாமல் ஊதுகிறதே, எங்கிருந்து வருகிறது, எப்போது தீரும் என்று வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் வீடு இரண்டாவது மாடி. ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தால் மழை கீழே விழவே இல்லை. தரைக்குப் படுக்கையாக ஓடியது. எங்கள் பிளாட்டுக்கும் அடுத்த பிளாட்டுக்கும் நடுவில் இருக்கிற சந்தில் அது கீழிருந்து மேலே ஏறியது. மழை மேலே போனதை இந்தக் கண்ணால் பார்த்தேன். சொன்னால் யாரும் நம்புவதில்லை. எதிர் வீட்டு மாடியிலிருந்த கறுப்புத் தண்ணீர்த் தொட்டி எழுந்து, கொஞ்ச நேரம் யோசித்தாற்போல் நின்று, பிறகு தெருவைத் தாண்டிப் போனது. தெருமுனைத் தூங்குமூஞ்சி மரம் விழுந்தபோது சத்தமே கேட்கவில்லை. காற்றின் சத்தம் மற்ற எல்லாச் சத்தத்தையும் விழுங்கிவிட்டது. மரம் இருந்தது, அடுத்துப் பார்க்கும்போது இல்லை, அவ்வளவுதான். மூன்றாவது மாடியில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் இளம் தம்பதி, மதுரைப் பக்கம், பயந்துபோய் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டார்கள். அந்தப் பெண் என் கையைப் பிடித்த பிடி மதியம்வரை விடவில்லை. எனக்கும் பயம்தான். ஆனால் பயத்தைவிடப் பெரிதாக ஒன்று வந்து நெஞ்சை அடைத்துக்கொண்டது. இதன் முன்னால் நான் யார் என்று தோன்றியது. லென்ஸும் கையுமாக இருபது வருஷம் எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்த எனக்கு, அது ஒரு மாதிரி நிம்மதியாகக்கூட இருந்தது.

மூன்று மணிக்கு மழை நின்றது. காற்று நிற்கவில்லை. இருட்டும்வரை மழையில்லாத வெறும் காற்று கிழக்கிலிருந்து அடித்துக்கொண்டே இருந்தது. கொஞ்சம் தணிந்ததும் மொட்டை மாடிக்குப் போனோம். கள்ளிக்குப்பத்தில் ஒன்றிரண்டைத் தவிர மரமே இல்லை. இத்தனை வருஷமாக மரங்கள் மறைத்து வைத்திருந்த புழல் ஏரி தூரத்தில் திறந்து கிடந்தது, அதில் அலை அடித்துக்கொண்டிருந்தது. ஏரியில் அலையை அன்றுதான் பார்த்தேன். மூன்றாவது மாடித் தம்பிகூட போனை எடுத்துப் படம் பிடிக்க மறந்துவிட்டு நின்றான்.

அதே பகலில் மண்ணூர்பேட்டையில் அண்ணன் என்ன செய்தார் என்பதைப் பிறகு எங்கள் வாட்ச்மேன் சொல்லித் தெரிந்துகொண்டேன். பதினோரு மணி வாக்கில் எஸ்டேட் கூரைத் தகடுகள் பறப்பதை வீட்டு வாசலிலிருந்து பார்த்திருக்கிறார். மேஜை மேல் லாட் கிடப்பது அவருக்குத் தெரியும். யாரும் கூப்பிடவில்லை, போன் வேலை செய்யவில்லை, கூப்பிட்டிருக்கவும் முடியாது. சுவரைப் பிடித்துக்கொண்டே கம்பெனிக்குப் போயிருக்கிறார். கிழக்குப் பக்க ஜன்னல் கண்ணாடி முழுக்கப் போயிருந்தது. கைகளில் துணி சுற்றிக்கொண்டு தட்டுகளைப் பின்னறைக்குத் தூக்கிக்கொண்டிருக்கும்போது, முன்பக்கக் கூரைத் தகடு ஒன்று பெயர்ந்து வாசலில் விழுந்தது. வாட்ச்மேன் அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே ஓடிவிட்டார்.

மூன்றாம் நாள்தான் என்னால் போக முடிந்தது. பஸ் இல்லை. விழுந்த மரங்களுக்கு மேலே ஏறியும் கீழே குனிந்தும் நடந்தே போனேன். எனக்கு முன்னால் வந்திருந்த பையன்கள் உள்ளே பெருக்கி, பின்னறையிலிருந்த தட்டுகளையும் கொண்டுவந்து ஒன்பதையும் மேஜையில் அடுக்கிவிட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான். மேலே ஐந்து மஞ்சள் தட்டு, அடியில் காகிதம் மூடிய நாலு நீலத் தட்டு. முதல் மஞ்சள் தட்டிலிருந்து ஒரு பின்னை எடுத்தேன். பழுப்பு. இரண்டாவது தட்டு, அதுவும் பழுப்பு. நாசமாய்ப் போச்சு என்று வாய்விட்டே சொன்னேன்.

அப்போதுதான் வாட்ச்மேன் நடந்ததைச் சொன்னார். தட்டுகளைத் தூக்கியது யார் என்று அவர் சொன்னவுடன் என் மண்டையில் எல்லாம் பட்டென்று ஒட்டிக்கொண்டது. துருக்கை. லென்ஸ் என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்துக் கண்ணில் வைக்கவில்லை. இதைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னித்துக்கொள்ள முடியவில்லை. தெரிந்த விடையை எதற்குப் பார்ப்பது என்று விட்டுவிட்டேன்.

அண்ணன் வாசல் பக்கம் தூள் அள்ளிக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டுப் பத்துப் பேர் முன்னால் கேட்டேன். உங்களை யார் வரச் சொன்னது, தொடக் கூடாது என்று தெரியாதா, இந்த லாட்டுக்கு நீங்களா பதில் சொல்வீர்கள் என்று வரிசையாகக் கேட்டேன். அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான் நிதானித்திருப்பேனோ என்னவோ. அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"துணி சுத்திக்கினுதான் மேடம் தூக்குனேன். அது நனைஞ்சி போச்சி. வேர்வை உள்ள எறங்கி இருக்கும். என் கைதான்."

ஒப்புக்கொண்டுவிட்டாரே, அப்புறம் என்ன? லாட்டைச் சிவப்புக் கட்டத்தில் வைக்கச் சொன்னேன். ரிப்போர்ட்டில் காரணம் என்ற இடத்தில் "கை பட்டதால் துரு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதலாளி அதைப் படித்துவிட்டு நெடுநேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கெட்டவர் இல்லை. வாங்குகிற கம்பெனிக்கு இந்தப் பேப்பர் போக வேண்டும், போனால் அந்த ஆள் இன்னும் உள்ளே இருக்கிறாரா என்று கேட்பார்கள். அண்ணனைத் தனியாக அழைத்து, கொஞ்ச நாள் வீட்டில் இரு, நான் சொல்லி அனுப்புகிறேன் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரியும். அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். ஐம்பது வயதுக்கு மேல், இந்தக் கையை வைத்துக்கொண்டு, அவர் எங்கே போவார் என்று எனக்கு அப்போதே உறுத்தியது. ஆனால் நான் என் வேலையைத்தானே செய்தேன் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

ஆறாவது நாள் எங்கள் வீட்டுக்குக் கரண்ட் வந்தது, தண்ணீர் ஏறியது. காலையிலேயே வீட்டைக் கழுவ உட்கார்ந்தேன். கிழக்குப் பக்க ஜன்னலின் கண்ணாடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. புழுதி என்று ஈரத் துணியால் துடைத்தேன். துடைத்த கையில் ஒரு சின்ன வெட்டுக்காயம் இருந்தது, அது சுரீர் என்று எரிந்தது. என்ன இழவு இது என்று விரலை நாக்கில் வைத்தேன்.

உப்பு.

மறுபடி வேறு இடத்தில் தொட்டு வைத்தேன். உப்பேதான். கம்பியில் உப்பு, கொடிக் கயிற்றில் உப்பு. மூன்றாவது மாடிப் பெண்ணைக் கூப்பிட்டு நக்கிப் பார்க்கச் சொன்னேன். பைத்தியம் என்று நினைத்திருப்பாள், ஆனாலும் நக்கிப் பார்த்தாள். "கடல் தண்ணி மாதிரி இருக்குக்கா" என்றாள்.

வெளியே பார்த்தேன். தெருவில் தப்பித்து நின்ற ஒரே மரம் ஒரு வேப்பமரம். இரண்டு நாளாகவே அதன் இலைகள் கருகிக்கொண்டு வந்தன, வேர் ஆட்டம் கண்டுவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அன்றைக்குத்தான் ஒழுங்காகக் கவனித்தேன். கிழக்குப் பாதி எண்ணெயில் பொரித்ததுபோல் பழுப்பு. மேற்குப் பாதி பச்சைப் பசேல். நடுவில் கோடு போட்டுப் பிரித்த மாதிரி இருந்தது. வேர் ஆடினால் மரம் பாதி மட்டுமா காயும்?

அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் காற்று கடலை அள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. அலையின் தலையைப் பிய்த்து, பொடியாக்கி, ராயபுரம், பெரம்பூர், வில்லிவாக்கம் எல்லா வீட்டுக்கும் மேலே தூக்கிக்கொண்டு வந்து, மழை நின்ற பிறகு எங்கள் ஜன்னலில் பூசிவிட்டுப் போயிருக்கிறது. நாங்கள் இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்க்கிற கடல்! அது வந்து என் வீட்டுக் கம்பியைத் தொட்டுவிட்டுப் போனதே தெரியாமல் ஆறு நாள் இருந்திருக்கிறேன். சாமி வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனதாகச் சொல்வார்களே, அதைக் கேட்டால் வருகிற நடுக்கம் எனக்கு அன்று வந்தது. கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கும்பிட்டேன்கூட.

கும்பிட்ட கையை இறக்குவதற்குள் பின்கள் ஞாபகம் வந்தன. என் மேஜை இருப்பதும் கிழக்கு ஜன்னல் ஓரம்தான்.

அன்று கம்பெனிக்குப் போனவள் கைப்பையைக்கூட இறக்கவில்லை. சிவப்புக் கட்டத்துக்குள் உட்கார்ந்து ஒரு மஞ்சள் தட்டை எடுத்து, லென்ஸைக் கண்ணில் வைத்தேன். மூன்றாம் நாளே பார்த்திருக்க வேண்டியதை அப்போது பார்த்தேன். கை பட்ட துரு இரண்டு இடத்தில் இருக்கும், கட்டைவிரலுக்கு ஒன்று, ஆட்காட்டி விரலுக்கு ஒன்று, அதில் ரேகை இருக்கும். இதில் ரேகையே இல்லை. ஊசி முனை அளவு புள்ளிகள், ஆயிரக்கணக்கில், பின்னின் மேல் பக்கம் மட்டும். அடிப் பக்கம் பளபளவென்று என் கண்ணையே காட்டியது. இன்னொன்றை எடுத்தேன், பத்து எடுத்தேன், இருபது எடுத்தேன். எல்லாம் பாதி வேப்பமரம்.

முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மண்ணூர்பேட்டைக்கு நடந்தேன். வழி முழுக்க என்னை நானே திட்டிக்கொண்டு போனேன். அண்ணன் வீடு ஒரு வரிசை வீட்டில் கடைசி. அவர் மனைவி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, உள்ளே கூப்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"வந்ததுல இருந்து ஒரு பொருளத் தொட மாட்டேங்குறாரும்மா. சொம்பு தூக்க மாட்டேங்குறாரு. எவர்சில்வரு துருப்புடிக்குமா, சொல்லுங்க. கேட்டா கம்முனு கீறாரு."

அண்ணன் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இன்னும் ஏதாவது தப்பு கண்டுபிடித்துவிட்டேனோ என்று நினைத்திருப்பார் போல, சட்டென்று எழுந்து நின்றார். நான் உப்பையும் மரத்தையும் சொல்ல ஆரம்பித்தேன், என் படபடப்பில் தலையும் புரியாமல் வாலும் புரியாமல் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அப்புறம்தான் அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியது. இத்தனை நாளாக அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. நான் கேட்கவில்லை, முதலாளி கேட்கவில்லை.

"அண்ணே, நீங்க எந்தத் தட்டைத் தூக்குனீங்க?"

"நீலம் மேடம். நாலு நீலம். பின்னால கொண்டாந்து வச்சி, துருக் காய்தம் போட்டு மூடுனேன். மஞ்சாவ எடுக்க வர்றதுக்குள்ள தகுடு வுழுந்துச்சி. மஞ்சாவ நான் தொடவே இல்ல."

லாட்டில் துரு என்றுதான் நாங்கள் அவரிடம் சொன்னோம். எந்தத் தட்டில் என்று சொல்லவில்லை. தான் தூக்கியதுதான் துருப்பிடித்தது என்று அவரே எடுத்துக்கொண்டுவிட்டார். நானும் மேலே இருந்த இரண்டு மஞ்சள் தட்டைப் பார்த்ததோடு நிறுத்திவிட்டேன். நீலத்தின் காகிதத்தை ஒருவரும் திறக்கவே இல்லை. சட்டையைப் போடுங்கள், உடனே கிளம்புங்கள் என்றேன்.

வரும் வழியில் எனக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. ஒருவேளை நீலத்திலும் துரு இருந்தால்? துணி நனைந்தது உண்மைதானே. ரேகையோடு ஒரே ஒரு பின் கிடைத்தாலும் போதும், இந்த மனிதரை நானே கூட்டிக்கொண்டு போய் இரண்டாவது தடவை அவமானப்படுத்தியதாக ஆகிவிடும். அவரும் அதைத்தான் நினைத்தாரோ என்னவோ, எஸ்டேட் திருப்பத்தில் நடை தளர்ந்து பின்தங்கினார். நான் நின்று, அவர் வந்து சேர்ந்த பிறகு சேர்ந்தே நடந்தேன்.

கம்பெனியில் முதலாளி காத்துக்கொண்டிருந்தார். நாலு நீலத் தட்டையும் மேஜைக்குத் தூக்கி வைக்கச் சொன்னேன். உறையைப் போட்டுக்கொண்டு முதல் தட்டின் காகிதத்தைப் பிரித்தேன். பின்கள் சாணையிலிருந்து அன்றுதான் இறங்கியவை மாதிரி ஜொலித்தன. மாதிரிக்கு இரண்டு என்ற பேச்சே இல்லை, ஒவ்வொன்றாக எடுத்தேன், உருட்டி உருட்டி லென்ஸில் பார்த்தேன். மற்றவர்கள் மெஷினை நிறுத்திவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். இரண்டாவது தட்டு, மூன்றாவது, நாலாவது. கழுத்து வலித்தது, நிமிரவில்லை. கடைசிப் பின்னையும் பார்த்து வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். ஒரு புள்ளி இல்லை.

அத்தனை பெரிய கடல் அத்தனை தூரம் வந்திருக்கிறது. மரத்தைச் சுட்டிருக்கிறது, எஃகைத் தின்றிருக்கிறது. நாலு தட்டை அதனால் தொட முடியவில்லை. உலகத்தில் இருக்கிற அத்தனை கைகளிலும் இந்தக் கை போய் அவற்றைக் காப்பாற்றியிருக்கிறது. அன்று புயலைப் பார்த்து மலைத்த மாதிரியே இப்போது அந்த மனிதரைப் பார்த்து மலைத்து நின்றேன்.

பழைய ரிப்போர்ட்டைக் கிழித்தேன். புதிதாக எழுதினேன். காரணம் என்ற இடத்தில் "கடல் உப்பு" என்று எழுதியபோது முதலாளி எட்டிப் பார்த்து, அவர்கள் சிரிப்பார்களே என்றார். சிரிக்கட்டும், நக்கிப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். பிறகு அவர் அண்ணன் பக்கம் திரும்பி, நாளையிலிருந்து வந்துவிடு என்றார். சொன்னதும் தன் அறைக்குள் போய்விட்டார்.

அண்ணன் லென்ஸைக் கேட்டார். ஒரு பின்னை நான் உறைக்கையால் பிடித்துக்கொள்ள, அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். நான் திருப்பத் திருப்பப் பார்த்துக்கொண்டே இருந்தார். எல்லோர் முன்னாலும் திட்டியதற்கு எல்லோர் முன்னாலும்தான் கேட்க வேண்டும் என்று, பையன்கள் கலைவதற்குள் சொன்னேன். தப்பு என்னுடையது அண்ணே, பார்க்காமலே உங்கள் கை என்று நம்பிவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்றேன்.

அவர் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"நானே நம்பிட்டேனே மேடம். நீங்க நம்புனதுல இன்னா கீது."